காட்டில் நிற்பவர்கள் பக்கம்

எங்கள் நண்பர் வட்டத்தில் ஒரு திட்டம் சில மாதங்களாக உருத்திரண்டு வருகிறது. 2030-இல் பிரெஞ்சு ஆல்ப்ஸ் பகுதியில் நடக்கவிருக்கும் குளிர்கால ஒலிம்பிக்கிற்கு எல்லோருமாகச் சேர்ந்து போய்வருவது. அதற்காக இப்போதிலிருந்தே மாதந்தோறும் ஆளுக்கொரு தொகை ஒதுக்கி வைப்பது. பலர் சம்மதம் சொல்லிவிட்டார்கள். சிலர் கம்பளி உடைகளின் விலையைக்கூட விசாரித்துவிட்டார்கள். 'வாழ்நாளில் ஒருமுறை' என்ற சொற்றொடர் ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு மூன்று முறையாவது ஒலிக்கிறது.

இத்திட்டத்தை எதிர்ப்பவர்கள் ஐந்து பேர். இதை எழுதுவது நாங்கள்தான். பயணத்தின்மீது எங்களுக்கு வெறுப்பில்லை. நண்பர்கள் கூடி உறைபனியில் கால் மரத்துப்போக நின்று ஒரு பந்தயத்தைப் பார்ப்பதைவிட மேலான மகிழ்ச்சிகள் மிகச் சிலவே என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் நாங்கள். எங்கள் மறுப்பு போகுமிடத்தைப் பற்றியது. குளிர்கால விளையாட்டைப் பார்க்க விரும்புகிறவர் குளிர்காலம் குடியிருக்கும் ஊருக்குப் போகவேண்டும். நான்காண்டுகளுக்கு ஒருமுறை ஊர் ஊராகத் தூக்கிச் சென்று விரிக்கப்படும் கூடாரத்துக்குப் போகவேண்டியதில்லை. இதுவே எங்கள் கட்சி. இதற்கான நியாயங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலில் கூடாரத்தின் கதை. 1924-இல் பிரான்சின் ஷமோனியில் 16 நாடுகளின் வீரர்கள் கூடிய நிகழ்ச்சிக்கு அன்று இருந்த பெயர் குளிர்கால விளையாட்டு வாரம். அதுவே முதல் குளிர்கால ஒலிம்பிக் என்பது பின்னர்தான் அறிவிக்கப்பட்டது. மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில், அங்கே ஏற்கெனவே இருந்த பனியையும் பனிக்கட்டியையும் நம்பி நடந்த விழா அது. அந்தத் தொடக்கத்தின்மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் நூற்றாண்டு கழித்து அவ்விழா எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள்.

2010-இல் வான்கூவர். சைப்ரஸ் மலையில் பனி போதவில்லை. லாரிகளிலும் ஹெலிகாப்டர்களிலும் பனி கொண்டுவரப்பட்டது. வைக்கோல் கட்டுகளை அடுக்கி அவற்றின்மேல் பனி பரப்பப்பட்டது. பந்தயங்கள் எப்படியோ நடந்து முடிந்தன. பார்வையாளர் நின்று பார்க்கும் பகுதி மட்டும் உருகிப் பாதுகாப்பற்றதாகிவிட்டதால் 28,000 நுழைவுச்சீட்டுகள் ரத்து செய்யப்பட்டன. பணம் திரும்பக் கிடைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் பனி குறைந்தபோது முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள். இருக்கையில் அமர்ந்தவர்களுக்கு இடமிருந்தது. ஒளிபரப்புக் கருவிகளுக்கு இடமிருந்தது. காலூன்றி நிற்க வந்தவர்களுக்கு இடமில்லாமல் போயிற்று.

2014-இல் கருங்கடற்கரையின் சோச்சி. முந்தைய குளிர்காலத்துப் பனியைப் போர்வைகளால் மூடிச் சேமித்து வைத்து நடத்திய போட்டி அது. செலவு 5,100 கோடி டாலர் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. 2018-இல் தென்கொரியாவின் பியாங்சாங். செங்குத்துச் சறுக்குப் பந்தயத்துக்காகக் கரிவாங் மலையின் பழைய காடு வெட்டப்பட்டது. 35,000 பேர் அமரும் அரங்கம் ஒன்று எழுப்பப்பட்டு, ஒலிம்பிக்கும் பாராலிம்பிக்குமாக நான்கு விழாக்களுக்குப் பயன்பட்டபின் இடிக்கப்பட்டது. நான்கே நாள்களின் பொருட்டு ஓர் அரங்கத்தைக் கட்டி இடிப்பவர்கள், நம்மைப்போன்ற விருந்தாளிகளுக்காகத்தான் அதைச் செய்தோம் என்று சொன்னால் நாம் நம்பவேண்டுமா?

எல்லாவற்றுக்கும் உச்சம் 2022-இன் பெய்ஜிங். பனிச்சறுக்குப் பாதைகளில் ஏறக்குறைய முழுப் பனியும் எந்திரத்தில் செய்யப்பட்டது. பெருந்தொற்றைக் காரணம் காட்டி அயல்நாட்டுப் பார்வையாளர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. உள்நாட்டிலும் பொதுமக்களுக்குச் சீட்டு விற்கவில்லை, அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே வந்தார்கள். காரணம் நியாயமானதாகவே இருக்கட்டும். எங்கள் கண்ணில் பட்டது வேறொன்று. பயணிகளே இல்லாமல் ஒரு குளிர்கால ஒலிம்பிக் நடந்து முடிந்தது, பதக்கங்கள் வழங்கப்பட்டன, ஒளிபரப்பு தடையின்றிப் போயிற்று. பனியும் பார்வையாளரும் இல்லாமலேயே நடத்திக்காட்டக்கூடிய ஒரு குளிர்கால விழாவில், நண்பர்கள் பத்துப் பேர் கடல் கடந்து போய் நிற்பதற்கு என்ன பொருள்? அங்கே நாம் காட்சியின் பின்னணித் திரையில் தீட்டப்பட்ட தலைகள்.

2026-இல் மிலானும் கோர்த்தினாவும் சேர்ந்து நடத்திய போட்டியைச் சிலர் மறுமொழியாகக் காட்டுகிறார்கள். புதிதாகக் கட்டுவதைக் குறைத்து, இருக்கும் அரங்குகளைப் பயன்படுத்தினார்களே என்கிறார்கள். ஓரளவு மெய். ஆனால் பனித்தள விளையாட்டுகள் மிலானில், பெண்களின் செங்குத்துச் சறுக்கு கோர்த்தினாவில், ஆண்களுடையது போர்மியோவில், ஸ்னோபோர்டு லிவின்யோவில், நெடுந்தொலைவு ஓட்டம் வால் தி ஃபியெம்மேவில், பயத்லான் ஆஸ்திரிய எல்லையருகே அந்தெர்செல்வாவில், நிறைவு விழா வெரோனாவில். மிலானிலிருந்து கோர்த்தினாவுக்குச் சாலைவழி ஏறத்தாழ 400 கிலோமீட்டர். எட்டு நண்பர்கள் எட்டு விதமான ஆசைகளோடு போனால், மலைச்சாலைப் பேருந்துகளில் ஆளுக்கொரு திசையில் பிரிந்து, இரவில் கைபேசியில் 'நீ எங்கே இருக்கிறாய்' என்று கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.

அதிலும் கோர்த்தினாவின் சறுக்குத்தடம் ஒன்று போதும். பாப்ஸ்லெட், லூஜ் பந்தயங்களுக்கு அண்டை நாடுகளில் இருக்கும் தடங்களைப் பயன்படுத்தலாம் என்று சர்வதேச ஒலிம்பிக் குழுவே அறிவுறுத்தியது. அதை மீறி, 10 கோடி யூரோவுக்கு மேல் செலவிட்டு, லார்ச் மரங்களை வெட்டிப் புதுத்தடம் அமைத்தார்கள். இதே இத்தாலியில் 2006-இன் தூரின் ஒலிம்பிக்கிற்காகச் செசானாவில் கட்டப்பட்ட தடம் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. இருபதாண்டுகளுக்குள் ஒரு நாடு தன் அனுபவத்தையே மறந்துவிட்டது. இனி 2030. ஏலத்தில் வென்ற திட்டத்தில் பனித்தள விளையாட்டுகள் ஒதுக்கப்பட்ட ஊர் நீஸ். மத்தியதரைக்கடலின் கரையில், உறைபனியிலிருந்து தப்பி வெயில் காய்வதற்காக ஐரோப்பியர் தேடிப் போகிற ஊர்!

*

இனி, போகவேண்டிய இடம்.

ஆஸ்லோ நகரின் விளிம்பில், குன்றின்மேல் இருக்கிறது ஹோல்மென்கோலன். 1892 முதல் அங்கே பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்துவருகின்றன. 1923-இல் திறக்கப்பட்ட பனிச்சறுக்கு அருங்காட்சியகமும் அங்கேதான் இருக்கிறது. உலகில் அவ்வகையில் மிகப் பழையது அதுவே. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நடக்கும் போட்டிகளில் தலையாயது ஐம்பது கிலோமீட்டர் நெடுந்தொலைவு ஓட்டம். ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்குகிற அதே வீரர்கள்தான் அங்கேயும் வருகிறார்கள். ஆகவே 'உலகின் தலைசிறந்தவர்களைப் பார்க்க ஒலிம்பிக்கைவிட்டால் வழியில்லை' என்பவர்கள் விளையாட்டுப் பக்கத்தை நான்காண்டுக்கு ஒருமுறை மட்டும் புரட்டுகிறவர்கள் என்றே கொள்ளவேண்டும்.

2023 மார்ச்சில் நாங்கள் ஐவரும் அங்கே போனோம். பெண்கள் அத்தொலைவை ஹோல்மென்கோலனில் முதன்முறையாக ஓடிய ஆண்டு அது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அதே தொலைவு கிடைக்க 2026 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

மெட்ரோவின் 1-ஆம் தடத்தில் ஏறி, மலையேறும் அந்த ரயிலின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினோம். பெட்டியில் எங்களோடு வந்தவர்களில் பாதிப்பேர் முதுகில் மூட்டையோடும் கையில் பனிக்கட்டைகளோடும் இருந்தார்கள். அரங்கத்துக்குள் போகச் சீட்டு வாங்கவேண்டும். காட்டில் நிற்கச் சீட்டு வேண்டாம். இது அமைப்பாளர்களின் தயவு என்று எண்ணிவிடக் கூடாது. நார்வேயில் காட்டிலும் மலையிலும் யாரும் நடக்கலாம், தங்கலாம் என்பது பழைய வழக்குரிமை. 1957-இல் சட்டமாகவும் எழுதப்பட்டது. ஆஸ்லோவைச் சூழ்ந்த காடுகளைக் கட்டடங்களிடமிருந்து காக்க 2009-இல் தனிச்சட்டமே இயற்றினார்கள். கோடையில் காட்டில் தீ மூட்டத் தடை உண்டு, மார்ச்சில் இல்லை. எனவே ஐம்பது கிலோமீட்டர் நாளில் அந்தக் காடு நெடுகிலும் சிறு சிறு நெருப்புகள். ஒவ்வொரு நெருப்பையும் சுற்றி ஒரு குடும்பம் அல்லது ஒரு நண்பர் குழு. பிளாஸ்க்கில் காப்பி, குச்சியில் குத்திச் சுட்ட சாசேஜ், உரித்த ஆரஞ்சுச் சுளைகள், சாக்லெட்.

அங்கே ஒரு பந்தயத்தைத் தனியாளாகப் பார்ப்பது கடினம் என்பதைப் போன முதல் மணி நேரத்திலேயே புரிந்துகொண்டோம். ஒருவர் நெருப்பை அணையாமல் காக்கவேண்டும். ஒருவர் பாதையோரத்து இடத்தைப் பிடித்து நிற்கவேண்டும். ஒருவர் விறகு பொறுக்க வேண்டும். நின்றுகொண்டே இருந்தால் பாதம் உறைந்துவிடுமாதலால் முறைவைத்து இடம் மாறவேண்டும். குளிர் மனிதர்களைக் கூட்டாளிகளாக்குகிறது. மெத்தையிட்ட, சூடேற்றிய விருந்தினர் மாடத்தில் இந்த வேலைகள் எவையும் இல்லை. அதனால் அங்கே நண்பர்களுக்கான தேவையும் இல்லை.

வீரர்கள் ஒரே வளையத்தைப் பலமுறை சுற்றுகிறார்கள். நாம் நிற்குமிடத்தில் ஒரு வரிசை கடந்துபோகிறது. பிறகு சில நிமிடங்கள் வெறும் மரங்களும் புகையும். அந்த இடைவெளியில் யார் முந்துகிறார் என்று நமக்குத் தெரியாது. திடீரெனத் தொலைவில் மணிகள் ஒலிக்கின்றன. கூச்சல் ஒரு நெருப்பிலிருந்து அடுத்த நெருப்புக்குத் தாவி நெருங்கி வருகிறது. எங்களுக்கு நார்வேஜிய மொழி தெரியாது. பக்கத்து நெருப்பினர் வானொலியில் கேட்டதை விரல்களால் எண்ணிக் காட்டினார்கள். பதிலுக்கு எங்கள் முறுக்குப் பொட்டலம் கைமாறியது. மேட்டில் ஏறுகிறவர்களின் மூச்சு எட்டிப்பிடிக்கும் தொலைவில் கேட்டது. எச்சில் உறைந்த முகங்களைக் கண்டோம். ஏற்றம் எவ்வளவு செங்குத்து என்பதைக் கேமரா ஒருபோதும் காட்டியதில்லை என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். லென்ஸ் எல்லா மலைகளையும் தட்டையாக்கிவிடுகிறது. முதல்வர் போய் நெடுநேரம் கழித்துக் கடைசியாக வந்தவருக்கும் காடு அதே குரலில் ஆரவாரம் செய்தது. பதக்கப் பட்டியலுக்கு அந்தக் கடைசி ஆளைப்பற்றி ஒரு வரிகூடத் தேவையில்லை.

*

எங்கள் கட்சிக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றை ஒளிக்காமல் எடுத்துக்கொள்வோம்.

தொலைக்காட்சியே தெளிவாகக் காட்டும்போது ஏன் போகவேண்டும் என்பது முதல் கேள்வி. யார் எத்தனை நொடி முன்னே என்ற கணக்கு வேண்டுமானால் வீட்டிலேயே இருங்கள். உண்மையிலேயே அதுதான் வசதி. ஒலிம்பிக் அரங்கின் பெருந்திரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவரும் அதே தொலைக்காட்சியைத்தான் பார்க்கிறார், பல மடங்கு விலை கொடுத்து. காட்டில் நிற்பவருக்குக் கணக்கு தாமதமாகவே கிடைக்கிறது. பந்தயம் உடனே கிடைக்கிறது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. 'லில்லெஹாமர் ஒலிம்பிக்தானே?' என்கிறார் எங்கள் வட்டத்தின் மூத்த நண்பர். ஆம், 1994-இன் லில்லெஹாமரை நாங்களும் வணங்குகிறோம். இருபதாயிரத்துச் சொச்சம் மக்கள் வாழும் ஊர். கடுங்குளிரில் காட்டில் கூடாரம் அடித்து இரவைக் கழித்து, விடிந்ததும் பாதையோரத்தில் இடம்பிடித்தார்கள் நார்வேக்காரர்கள். ஆண்களின் நான்கு பேர் தொடர் ஓட்டத்தில் நாற்பது கிலோமீட்டர் ஓடி முடித்த பிறகு, இத்தாலியின் சில்வியோ ஃபவுனர், நார்வேயின் பியோர்ன் டேலியை 0.4 நொடியில் முந்தினார். இத்தாலிய அணியின் முதல் ஆளான மௌரிலியோ தே சோல்ட்டுக்கு அப்போது வயது 43. பெருங்கூட்டம் அப்படியே உறைந்து மௌனமானது. ஆனால் அந்த இரவுகளையும் அந்த மௌனத்தையும் ஒலிம்பிக் குழு கொண்டுவரவில்லை. ஒலிம்பிக் வராதிருந்தாலும் அம்மக்கள் மார்ச் மாதக் காட்டில் நின்றிருப்பார்கள். தலைமுறைகளாக நின்றவர்கள் அவர்கள். கூடாரம் அன்று குளிர்காலத்தின் வீட்டு முற்றத்தில் விரிக்கப்பட்டது, பெருமை முற்றத்தினுடையது. அந்த ஊர் 2016-இல் அதே அரங்குகளைக் கொண்டு இளையோர் ஒலிம்பிக்கையும் நடத்தியது. இடிக்க ஏதும் இருக்கவில்லை.

அந்த முற்றமே பிறகு கூடாரத்தை மறுத்தது என்பதை நண்பர் சொல்லாமல் விட்டார். 2022 போட்டிக்கு ஆஸ்லோ விண்ணப்பித்திருந்தது. பொதுமக்களின் எதிர்ப்பு வளர, 2014 அக்டோபரில் அரசு நிதிப்பொறுப்பேற்க மறுத்தது. விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. ஒலிம்பிக் குழுவின் எதிர்பார்ப்புகள் என்று நார்வே நாளேடு ஒன்று வெளியிட்டவற்றில், தொடக்க விழாவுக்கு முன் அரசருடன் மது விருந்து, அதுவும் விருந்தளிப்பவர் செலவில், என்பதும் இருந்தது. அவை வெறும் பரிந்துரைகளே என்றது குழு. இருக்கட்டும். பனிச்சறுக்கைத் தங்கள் பிறப்புரிமையாகக் கருதும் ஒரு மக்கள், 1952-இல் குளிர்கால ஒலிம்பிக்கை நடத்திக் காட்டிய ஒரு நகரம், 'எங்களுக்கு வேண்டாம்' என்றார்கள். எஞ்சியவை பெய்ஜிங்கும் அல்மாட்டியும் மட்டுமே. பனியை அறிந்தவர்கள் கதவடைத்த ஒன்றுக்கு, பனியை அறியாத நாம் சேமித்து வைத்துக்கொண்டு போகவேண்டுமா?

மூன்றாவது மறுப்பு எங்களையே சுடுவது. நார்வேக்கும் விமானத்தில்தானே போனீர்கள், அந்தப் புகையும் பனியை உருக்குகிறதே என்கிறார்கள். உண்மை. இதற்கு எங்களிடம் முழு விடை இல்லை. 2022-இல் வெளியான வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வொன்று, புகை வெளியேற்றம் கட்டுப்படாவிட்டால், இந்த நூற்றாண்டின் இறுதியில், முன்பு குளிர்காலப் போட்டி நடத்திய 21 இடங்களில் ஜப்பானின் சப்போரோ ஒன்றுதான் நம்பகமாக மீண்டும் நடத்த இயலும் என்று கணித்தது. அந்த 21-இல் ஆஸ்லோவும் ஒன்று. ஹோல்மென்கோலனிலும் பனி எந்திரங்கள் இயங்குகின்றன. இதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. ஆனால் இரண்டு வகைப் பயணங்களுக்கிடையே வேறுபாடு இருக்கிறது. நூற்றாண்டுக்கு மேலாக ஒரே குன்றில், ஒரே காட்டில் நடக்கும் விழாவுக்காக ஒவ்வொரு முறையும் புது மலை வெட்டப்படுவதில்லை. அழிந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பார்க்கப் போகிறவர் வாழ்நாளில் ஒருமுறை போகட்டும். அந்த ஒருமுறை, அழிவை விரைவுபடுத்துகிறவர்களின் வாசலில் வரிசையில் நிற்பதாக இருக்கவேண்டாம்.

நார்வே செலவு மிகுந்த நாடு என்பதும் மெய். விடுதி அறையைப் பகிர்ந்துகொண்டு, சமையலைக் கையிலெடுத்தால் தாங்கக்கூடியதே. பந்தயத்துக்கென்று எங்களுக்குச் செலவு ஒரு காசுமில்லை. ஆஸ்லோ வேண்டாமென்றால் ஸ்வீடனுக்குப் போங்கள். அங்கே 1922 முதல், மார்ச் முதல் ஞாயிறன்று, சேலனிலிருந்து மூராவுக்கு 90 கிலோமீட்டர் வாசலோப்பெத் ஓட்டம் நடக்கிறது. உலக வீரர்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான எளிய மனிதர்கள், ஆசிரியர்களும் தச்சர்களும் ஓய்வுபெற்றவர்களும், வழியில் தரப்படும் சூடான புளூபெர்ரி ரசத்தைக் குடித்துவிட்டு அந்தி சாயும்வரை ஓடுகிறார்கள்.

*

நண்பர்களே, உங்கள் ஆசையின் வேரை நாங்கள் அறிவோம். வெயிலில் பிறந்த நமக்குப் பனி ஒரு கனவு. கனவு காண்கிறவரிடம் அதை விற்பது எளிது. விற்பவர்கள் அதை நன்கறிவார்கள். இருக்கை எண், விருந்தினர் மாடம், நினைவுப்பொருள், ஐந்து வளையங்களின்முன் ஒரு புகைப்படம். திரும்பி வந்தபின், பனி எப்படி இருந்தது என்று கேட்டால் பேருந்து நிலையத்தைப் பற்றித்தான் சொல்ல நேரும். பார்வையாளர் என்ற பழைய கௌரவமான சொல், வாடிக்கையாளர் என்று சத்தமில்லாமல் மாறிவருகிறது. அந்த மாற்றத்துக்கு நம் சேமிப்பிலிருந்து பணம் கட்டவேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

திட்டத்தைக் கலைக்கச் சொல்லவில்லை. மாதத் தொகை தொடரட்டும். கம்பளி உடைகள் வாங்கப்படட்டும், இரண்டு சோடிக் காலுறைகள் கூடுதலாகவே. 2030 பிப்ரவரி என்று குறித்திருக்கும் இடத்தில் 'மார்ச்' என்று திருத்துங்கள். எந்த ஆண்டின் மார்ச்சானாலும் சரி, சீக்கிரமாக வருவதானால் இன்னும் நல்லது. அடுத்த சந்திப்பில் வாக்கெடுப்பு நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டோம். எங்கள் ஐந்து வாக்குகளும் காட்டில் நிற்பவர்கள் பக்கம்.